அறுபது நாள் வற்றுக்காலம்

அன்னூர்
9.6.2024

அன்புத் தம்பி திருமூர்த்திக்கு,

அக்கா ராசம்மாள் எழுதுவது. நான் சுகம். நம் மாடு செவலை முக்கால் பங்கு சுகம். மிச்சக் கால் பங்குக்காகத்தான் இந்தக் கடுதாசி. தொண்டையில் போட்ட தையல் ஆறிவிட்டதா? அந்த ஓட்டையில் தூசி போகாமல் துணி கட்டிக்கொள்கிறாயா?

நீ போனில் அனுப்புவதெல்லாம் இங்கே கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. என் பட்டன் போனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆபரேஷனில் குரலை எடுத்துவிட்ட பிறகு உன்னாலும் பேச முடியாது. துடியலூர் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் இனி நமக்கு நடுவே தபால்காரர் வந்துதான் ஆக வேண்டும். ஒரு விதத்தில் நல்லது. சின்ன வயதிலிருந்தே நான் பேசும்போது நீ குறுக்கே பேசுவாய். கடுதாசியில் அது நடக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். செவலைக்குப் பின்பக்கம் இடது காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மடியைத் தொட்டால் காலைத் தூக்கினாள். டாக்டரம்மா ஐந்து நாள் ஊசி போட்டார். இப்போது பால் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் கறந்து முடித்துத் தடவினால் உள்ளே நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி தட்டுப்படுகிறது. அவள் ஐந்து மாதச் சினை. நீ மாட்டாஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் உதவியாளாக இருந்தவன், சொல்.

இதைப் பிரியாவிடம் போனில் உளறிவிட்டேன். என் மகள் சும்மா விடுவாளா? "அப்பா போயி ரெண்டு வருசமாச்சு. அந்தக் காட்டுக்குள்ள ஒண்டியா எதுக்கும்மா கெடக்கோணும்? இன்னொருக்கா மடி கெட்டா மாட்ட வித்துபோட்டு ஓசூருக்கு வந்துருங்க" என்றாள். நானும் வாய் தவறி சரி என்றுவிட்டேன். அவள் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டாள். ஓசூரில் மூன்றாவது மாடி. போன வருஷம் பத்து நாள் இருந்து பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் இருந்த பல்லியைத் தவிர ஓசூரில் எனக்கு யாரையும் தெரியாது.

ஆக, மடி நின்றால் நான் இங்கே நிற்கலாம். அதை மனதில் வைத்துப் பதில் எழுது.

உன் அக்கா,
ராசம்மாள்


துடியலூர்
15.6.2024

அன்பு அக்காவுக்குத் திருமூர்த்தியின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மகனும் மருமகள் லாஸ்யாவும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று மகன் வாங்கித் தந்தான். அதில் பேசினால் மாவு மில் ஓடுகிற சத்தம் வருகிறது. மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தக் கட்டியை அலட்சியமாக நினைக்காதீர்கள். நோய் போகவில்லை, பதுங்கியிருக்கிறது. கறவையில் இருக்கிற மாட்டுக்கு மடிக்குள் மருந்து ஏற்றினால் அடுத்த கறவையிலேயே பாதி வெளியே வந்துவிடும். பால் வற்றவிட்ட பிறகு ஏற்றினால் அது வாரக்கணக்கில் உள்ளேயே நின்று வேலை செய்யும். வற்றுக்காலத்தில்தான் மடிநோயின் வேரைப் பிடுங்க முடியும்.

அக்டோபர் இருபத்திரண்டு வாக்கில் கன்று போடும் என்று கணக்கு வருகிறது. அதற்கு அறுபது நாள் முன்னால், ஆகஸ்ட் இருபத்திரண்டில், கறவையை நிறுத்த வேண்டும். அன்றைக்கு நாலு காம்புக்கும் மருந்து. கெட்ட காம்புக்கு மட்டும் ஏற்றிச் சிக்கனம் பிடிக்கக் கூடாது. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எழுதித் தரும் ட்யூபை நான் இங்கே வாங்கி அனுப்புகிறேன்.

செவலையை ஓசூர் பல்லிக்காக விற்க விடமாட்டேன். தைரியமாக இருங்கள்.

தங்கள் தம்பி,
திருமூர்த்தி


அன்னூர்
28.7.2024

அன்புத் தம்பிக்கு,

நலமா? இருமல் எப்படி இருக்கிறது? இங்கே ஆடிக் காற்று. கட்டுத்தரை மேல் போட்ட தகரம் இரண்டு நாளாகப் படபடவென்று அடிக்கிறது. செவலை அதைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள். காற்று நிற்கட்டும் என்று நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறோம்.

போன வாரம் அந்தக் காம்பில் மறுபடியும் இரண்டு திரி வந்தது. டாக்டரம்மாவை வரச் சொன்னேன். நீ எழுதியதையேதான் சொன்னார். "வத்தவிடறப்ப நாலு காம்புக்கும் ஏத்திப்போடுங்கம்மா, அப்பறம் அடுத்த கறவைக்குப் பயமில்லீங்க" என்றார். மருந்துச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

அறுபது நாள் ஒரு சொட்டுக்கூடக் கறக்கக் கூடாதா? விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன். காலையில் நாலரைக்கு எழுந்து பழகிவிட்டது. கறந்து, போசியைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்து, ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவேன். சாயங்காலம் மறுபடியும் ஒரு நடை. அங்கே பால் பரிசோதிக்கிற பெண் ஹர்ஷிணி புதிதாக வந்தவள். நல்ல வாயாடி. வரிசையில் நிற்கிற பொம்பளைகளும் அதற்குக் குறைந்தவர்கள் இல்லை. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை தெரிந்துவிடும்.

பக்கத்துக் காட்டுக் கதிரேசன் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. பனியன் கம்பெனியில் மூன்று பேருக்கும் வேலையாம். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்போது சுற்றிலும் வெளிச்சம் என்றால் நம் வீட்டு பல்பு ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். லாஸ்யாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
ராசம்மாள்


துடியலூர்
4.8.2024

அன்பு அக்காவுக்கு வணக்கம்.

நலமே. சீட்டில் இருந்த மருந்து நாலு ட்யூபும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நானே வந்து ஏற்றிக் கொடுத்திருப்பேன். பஸ்ஸில் இருமல் வந்தால் சளி வாய் வழியாக வராமல் கழுத்து வழியாகத் தெறிக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போகிறார்கள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் முன்னாலேயே புண்ணாக்கையும் பச்சைத் தீனியையும் குறைத்துவிடுங்கள். சோளத்தட்டு மட்டும் போடுங்கள். தானாகப் பால் இறங்கும். கடைசிக் கறவையைச் சொட்டு மிச்சமில்லாமல் கறந்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். ஒரு காம்புக்குத் துடைத்த பஞ்சு இன்னொன்றுக்கு ஆகாது. ட்யூபின் மூக்கு நுனி மட்டும் உள்ளே போனால் போதும். முழுதாகக் குத்தினால் காம்புத் துளை கிழியும். மருந்தை மேல்நோக்கித் தடவிவிட்டு, காம்பை அயோடினில் நனையுங்கள்.

அதன் பிறகு மடியைத் தொடாதீர்கள். மூன்று நாலு நாள் மடி கனத்து நிற்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். மனசு கேட்காமல் பீய்ச்சிவிட்டீர்களானால் மருந்தும் போயிற்று, காம்பு வாயும் திறந்துபோயிற்று. நான் வேலையில் இருந்தபோது கெட்ட மடிகளில் பாதி, பாவம் பார்த்தவர்கள் கெடுத்ததுதான்.

நீங்கள் விளையாட்டாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

தம்பி,
திருமூர்த்தி


அன்னூர்
29.8.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீ சுகமா?

சொன்னபடி இருபத்திரண்டாம் தேதி செவலையை வற்றவிட்டேன். நாலு காம்புக்கும் நாலு பஞ்சு. மருந்து சுலபமாக ஏறிவிட்டது. மடி மூன்று நாள் கனத்தது, பிறகு இறங்கிவிட்டது. கவலைப்படாதே.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா,
ராசம்மாள்


அன்னூர்
22.9.2024

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து மூன்று வாரமாக ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நேற்று தபால்காரரை நிறுத்திக் கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி, இருந்தா நான் வெச்சுட்டு என்ன பண்ணப் போறனுங்க" என்றார். கேட்டது தப்பா?

நீ எழுதாவிட்டால் போ. நான் எழுதுகிறேன். இங்கே இந்த வாரம் நல்ல மழை. புதன்கிழமை சாயங்காலம் சொசைட்டித் தகரத்துக்கு அடியில் எட்டுப் பேர் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டோம். ஹர்ஷிணிக்கு அவிநாசியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். மழை நிற்கிற வரைக்கும் அந்தப் பேச்சுத்தான். "பையன் மூக்கு கொஞ்சம் நீளமுங்கக்கா" என்றாள். "மூக்கு நீளமா இருந்தா என்ன கண்ணு, நாக்கு நீளமா இல்லாம இருந்தாச் சரி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு நான் சொல்லி நாலு பேர் சிரித்தது. வீட்டுக்கு வந்து ஈரச் சேலையை மாற்றுகிற வரைக்கும் எனக்கே சிரிப்பாக இருந்தது. செவலையிடமும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பால் வண்டி சேற்றில் சிக்கிக்கொண்டது. ஆளுக்கொரு கை பிடித்துத் தள்ளினோம். உன் அக்காவுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, பார்த்துக்கொள்.

பதில் போடு. ஒரு வரியாவது போடு.

அக்கா,
ராசம்மாள்


துடியலூர்
27.9.2024

அன்பு அக்காவுக்கு,

தொண்டைக் குழாயை மாற்ற ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருந்தேன். பிறகு கை ஓடவில்லை. இப்போது நலம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். புதன்கிழமை சாயங்காலம் சொசைட்டி. வெள்ளிக்கிழமை காலையில் சொசைட்டி. செவலை வற்றி ஒரு மாதம் ஆகிறது. பால் இல்லாதவருக்குச் சொசைட்டியில் என்ன வேலை?

கன்று போட இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது. மறைக்காமல் எழுதுங்கள்.

தம்பி,
திருமூர்த்தி


அன்னூர்
3.10.2024

தம்பி,

நீ நலமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன். என் நலத்தைக் கேட்க வேண்டாம்.

மருந்து ஏற்றவில்லை. நாலு ட்யூபும் அரிசி டப்பாவில் அப்படியே இருக்கின்றன. உனக்கு எழுதியதெல்லாம் பொய்.

அன்று காலையில் எல்லாவற்றையும் எடுத்துத்தான் வைத்திருந்தேன். ஸ்பிரிட், பஞ்சு, அயோடின். கடைசிப் பாலை ஊற்றிவிட்டு வந்து ஏற்றலாம் என்று போனேன். வரிசையில் நின்றவர்களிடம், இனி இரண்டு மாதத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். சரி என்றார்கள். வீட்டுக்கு வரும்போது மணி ஏழு. வாசலில் உட்கார்ந்தேன். இனிச் சாயங்காலம் வரைக்கும் யாரும் இல்லை. சாயங்காலமும் இல்லை. நாளைக்கும் இல்லை. தீபாவளி வரைக்கும் இல்லை. என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை, தம்பி. அப்போது ஊரே வீட்டில் இருந்தது.

ஒரே ஒரு நாள் தள்ளிப் போடலாம் என்றுதான் நினைத்தேன். அன்று சாயங்காலமே போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் நாளை, நாளை என்று நாற்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. தீனியைக் குறைத்துவிட்டதால் பாலும் இல்லை. இந்த வாரமெல்லாம் அரை லிட்டர். அரை லிட்டர் பாலுக்கு அரை மைல் நடந்தேன். தண்ணீர் கலந்து அளவைக் கூட்டவில்லை, அந்தப் பாவம் மட்டும் செய்யவில்லை.

தெரியாமல் செய்தவள் இல்லை நான். நீ எழுதியதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்பேன். நேற்று அந்தக் கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

இப்போது ட்யூபை ஏற்றலாமா? சொல்.

ராசம்மாள்


துடியலூர்
7.10.2024

அக்காவுக்கு,

ஏற்றக் கூடாது. அந்த மருந்து வாரக்கணக்கில் மடியில் நிற்பது. இந்த நாளில் ஏற்றினால் கன்று போட்ட பிறகும் பாலில் வரும். நாலு ட்யூபையும் டாக்டரம்மாவிடம் கொடுத்துவிடு. இன்றோடு கறவையை நிறுத்து. கட்டுத்தரையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள். காம்பு சூடாக இருந்தாலோ, தீனி எடுக்காமல் நின்றாலோ, அந்த நிமிஷமே டாக்டரம்மாவைக் கூப்பிடு.

இனி என் மனதில் இருப்பதையும் எழுதிவிடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அதுவும் யாரிடம்? இருபத்தாறு வருஷம் மடியும் காம்புமாகவே வாழ்ந்தவனிடம். நாலு பஞ்சு என்று எழுதினாயே, அந்தப் பொய்க்குக் கணக்கு வேறு. நல்ல சினை மாடு. வருமுன் காக்க மருந்தும் கையில் இருந்தது. மழைக்கு ஒதுங்கி நின்று சிரிக்க நாலு பேர் வேண்டும் என்பதற்காக அந்த வாயில்லாத ஜீவனின் மடியைப் பலி கொடுத்துவிட்டாய். மடி போனால் மாடு போகும். மாடு போனால் ஓசூர். அப்போது எந்தச் சொசைட்டிக்கு நடப்பாய்?

அறுபது நாள் பேச்சுத்துணை இல்லாமல் இருந்தால் செத்தா போவார்கள்? நான் இருக்கவில்லையா?

திருமூர்த்தி


துடியலூர்
28.10.2024

அன்பு அக்காவுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. கன்று போட்டதா? நீங்கள் நலமா? அந்தக் கோபத்தில் உங்களை நீ என்று எழுதிவிட்டேன். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது. பெட்டிக்குள் கைவிட்டுப் பார்த்தேன், எட்டவில்லை.

நான் இருக்கவில்லையா என்று கேட்டிருந்தேன். அது பொய். நான் இருக்கவில்லை.

இந்த வீட்டில் காலை எட்டரைக்கு எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். இரவு வந்தால் ஆளுக்கொரு போன். என்னோடு பேச வேண்டுமென்றால் நான் சிலேட்டில் எழுதுகிறவரை காத்திருக்க வேண்டும். அதற்கு அவர்களுக்கு எங்கே நேரம்? அவர்களைக் குறை சொல்லவில்லை. என் மனைவி இருந்திருந்தால் காத்திருப்பாள். அவளும் இல்லை.

தெருமுனையில் யூனுஸ் என்பவர் பால் கடை வைத்திருக்கிறார். என் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார். "வாங்கண்ணா, இன்னிக்கு முட்டு வலி எப்படீங்க?" என்று கேட்பார். நான் உதட்டை அசைப்பேன். அவர் பதில் சொல்வார். அப்போது எனக்குக் குரல் இருப்பது போலத் தோன்றும். சும்மா போய் நிற்க முடியுமா? அதனால் காலையில் ஒரு அரை லிட்டர் பாக்கெட், சாயங்காலம் ஒன்று. சில நாள் மதியமும் போவேன். "மாமா, இத்தன பால யாருங்க குடிக்கறது?" என்று லாஸ்யா கேட்டாள். போன மாதம் நான்கு பாக்கெட் திரிந்துபோய்ச் சாக்கடையில் ஊற்றினேன். யாரும் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர்விட்டுக் கழுவினேன்.

பேச்சுக்காகப் பால் வாங்குகிறவன், பேச்சுக்காகப் பால் ஊற்றியவளைத் திட்டி எழுதியிருக்கிறேன். உங்கள் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு அன்று ஒரு பெருமைகூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, அக்கா.

மடி எப்படி இருந்தாலும் எழுதுங்கள். போய்விட்டது என்றாலும் எழுதுங்கள்.

தங்கள் தம்பி,
திருமூர்த்தி


அன்னூர்
10.11.2024

அன்புத் தம்பி திருமூர்த்திக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். செவலை சுகம். கெடாரிக்கன்று ஒன்று, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு, சுகம். பின் இடது காம்பு போய்விட்டது.

உன் கடுதாசி வந்த அன்றே கறவையை நிறுத்தினேன். பதினேழாம் தேதி காலையில் அந்தப் பக்கம் மடி கல்லாகிச் சூடாகக் கிடந்தது. செவலை சோளத்தட்டைத் தொடவில்லை. டாக்டரம்மா மூன்று நாள் வந்து ஊசி போட்டார். "உசுருக்குப் பயமில்லீங்கம்மா, அந்தக் காம்பு இனி தேறாதுங்க" என்றார். இருபத்தொன்றாம் தேதி கன்று போட்டாள். அந்தக் காம்பிலிருந்து ரத்தமும் தண்ணீருமாக இரண்டு நாள் வந்தது, பிறகு அதுவும் இல்லை. கன்றுக்குட்டி அதை முட்டி முட்டிச் சப்பிவிட்டு அடுத்த காம்புக்குப் போகும். முதல் வாரம் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கறந்தேன்.

தீபாவளிக்குப் பிரியா வந்தாள். காம்பு போனதைப் போனில் கேட்டு, கையோடு மாட்டு வியாபாரிக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். அவர் வந்து மடியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மடி கெட்டா விக்கறேன்னுதான அம்மணி சொன்னேன்? அது தானாக் கெடல. நான்தான் கெடுத்துபோட்டேன். என்ற தப்புக்கு அவளை எதுக்கு விக்கோணும்?" என்றேன். வியாபாரி சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிரியா சிரிக்கவில்லை. இரண்டு நாள் இருந்தாள், பேசாமலே ஊருக்குப் போனாள். இன்னும் போன் இல்லை. கோபம் ஆறட்டும். மூன்று காம்பில் ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் வருகிறது. எனக்கும் கன்றுக்கும் அது போதும்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கறவையை நிறுத்திய நாளிலிருந்து சீம்பால் முடிந்து நான் மறுபடியும் சொசைட்டிக்குப் போன நாள் வரைக்கும் சுமார் இருபது நாள். ராசம்மாளை ஏன் காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா என்று யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று இருந்தேன். முதல் நாலு நாள் நல்ல சேலையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுபடி போன அன்று ஹர்ஷிணி நிமிர்ந்து பார்த்து, "அக்கா, உங்க மெம்பர் நம்பர் என்னங்க?" என்று கேட்டாள். நூற்றுப் பதினாலு என்றேன். எழுதிக்கொண்டாள். அவள் நல்ல பெண்தான். கல்யாணம் கூடிவிட்டது, ஆயிரம் யோசனை இருக்கும். ஆனால் அந்த ஒரு கேள்விக்காக நான் செவலையின் காம்பைக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது போசியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து உன் செப்டம்பர் கடுதாசியை எடுத்துப் படித்தேன். பால் இல்லாதவருக்குச் சொசைட்டியில் என்ன வேலை என்று நீ கேட்டிருந்தாய். அன்று அதைப் படித்தபோது திருடியைப் பிடித்தது போல உடம்பெல்லாம் கூசியது. இப்போது படித்தால் அழுகை வருகிறது. நான் எந்தக் கிழமை எங்கே நின்றேன் என்று கணக்குப் பார்க்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இருந்திருக்கிறது. அவன் முப்பது கிலோமீட்டர் தள்ளி, குரல் இல்லாமல், யாரும் குடிக்காத பாலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நீ என்று எழுதியதற்கு எதற்கு மன்னிப்பு? நான் உன்னை ஐம்பது வருஷமாக அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

செவலைக்குத் தை மாதம் சினை ஊசி போட்டால் அடுத்த ஆவணியில் மறுபடியும் வற்றவிட வேண்டும். மிச்சம் இருக்கிற மூன்று காம்புக்கும் நீதான் வந்து மருந்து ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு அன்றே பஸ் ஏறக் கூடாது. அறுபது நாளும் இங்கேயே இருக்க வேண்டும். நீ இருந்தால் நான் மடியைத் தொட மாட்டேன். நீ சிலேட்டில் எழுதுகிற வரைக்கும் காத்திருக்க எனக்கு நேரம் இருக்கிறது, நாள் முழுதும் இருக்கிறது. பஸ்ஸில் நீ இருமினால் எழுந்து போகிறார்களா? போகட்டும், காலை நீட்டி உட்கார்ந்து வா.

இதையெல்லாம் ஆவணிக்கு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவ்வளவு நாள் என்னால் ஆகாது, தம்பி. இந்தக் கடுதாசி கிடைத்த மறுநாளே கிளம்பி வா.

உன் அக்கா,
ராசம்மாள்